கிணற்று நீரும் ஆற்றலும்: ஏற்றம் முதல் மின்மோட்டார் வரை

ஆற்றலுக்குப் பல வடிவங்கள் உண்டு, ஒன்று மற்றொன்றாக மாறும், ஆனால் அழியாது என்பது பள்ளிப் பாடம். மின்விளக்கு, அடுப்பு, மிதிவண்டி என்று பாடநூல்கள் அதற்கு எடுத்துக்காட்டுத் தரும். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இவற்றைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிணறு. நூறு ஆண்டுகளுக்குள் அதே கிணற்றில் மனித உடலின் ஆற்றல், மாட்டின் ஆற்றல், எண்ணெயின் ஆற்றல், மலையிலிருந்து விழும் நீரின் ஆற்றல், நிலக்கரியின் ஆற்றல், இப்போது சூரிய ஒளியின் ஆற்றல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கியிருக்கின்றன. வேலை மட்டும் மாறவில்லை: கீழே இருக்கும் நீரை மேலே கொண்டுவர வேண்டும்.

அந்த வேலைக்கு இயற்கை ஒரு நிலையான கட்டணம் வைத்திருக்கிறது. ஒரு கன மீட்டர் நீர், அதாவது 1000 லிட்டர், 1000 கிலோ எடையுள்ளது. அதை 10 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 98,000 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 இலட்சம் ஜூல். எனவே எந்த இழப்பும் இல்லாத ஒரு கருவி இருந்தால், ஒரு யூனிட்டைக் கொண்டு 10 மீட்டர் ஆழத்திலிருந்து 36 கன மீட்டர் நீரை இறைக்கலாம். ஒரு ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க 200 கன மீட்டருக்குச் சற்று மேல் தேவை. அதற்கு ஐந்தரை யூனிட். இறைப்பது ஆளாயினும் மாடாயினும் மோட்டாராயினும் இந்தக் கணக்கில் சலுகை கிடையாது. ஆழம் இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்காகும்.

ஏற்றம்

ஒரு தூணின்மேல் ஊஞ்சலாடும் நீண்ட மரம். ஒரு முனையில் கழியும், கழியின் நுனியில் சாலும் தொங்கும். மரத்தின்மேல் ஓர் ஆளோ இருவரோ முன்னும் பின்னுமாக நடப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும். எதிர்ப்பக்கம் நடந்தால் ஏறும். கீழே நிற்பவர் கழியைப் பிடித்துச் சாலை நீரில் அமிழ்த்தி, மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். யாழ்ப்பாணத்தில் இதே வகைக் கருவி துலா எனப்பட்டது. துலா மிதித்து நீர் இறைத்தே அங்குத் தோட்டப் பயிர்கள் வளர்ந்தன.

ஏற்றத்தின் நுட்பம், கையால் இழுக்க வேண்டிய பாரத்தை உடலின் எடைக்கு மாற்றியதில் இருக்கிறது. மரத்தின் சரிவில் ஏறும் ஆள் தன் உடலுக்கு நிலை ஆற்றலைச் சேர்க்கிறார். அவர் பாரம் மறுபக்கம் இறங்கும்போது அந்த நிலை ஆற்றல் சாலுக்குப் போகிறது. அவர் ஏறுவதற்கான ஆற்றல் காலையில் குடித்த கூழிலிருந்து வந்தது. கூழின் ஆற்றல் கம்பிலிருந்தும் கேழ்வரகிலிருந்தும். அவற்றின் ஆற்றல் வெயிலிலிருந்து. சூரிய ஒளி, வேதி ஆற்றல், தசையின் இயக்கம், நீரின் நிலை ஆற்றல் என்று பாடநூலின் ஒரு முழு அத்தியாயமும் ஒரு மரத்துண்டின்மேல் நடந்து முடிந்துவிடும்.

ஆனால் அளவு மிகச் சிறியது. நாள் முழுவதும் உழைக்கும் மனிதர் ஒருவர் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 75 வாட். எட்டு மணி நேரம் உழைத்தால் 0.6 யூனிட். அதாவது, ஒரு முழுநாள் உழைப்பு ஒரு யூனிட் மின்சாரத்தைக்கூடத் தொடாது. மேலே சொன்ன ஒரு ஏக்கரை 10 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து ஒருமுறை நனைக்க, இழப்பே இல்லாத ஏற்றத்தில்கூட ஒன்பது ஆட்களின் ஒருநாள் உழைப்பு வேண்டும். அதனால்தான் ஏற்றம் ஆழம் குறைந்த கிணறுகளோடும் ஆற்றோர ஊற்றுகளோடும் நின்றுவிட்டது.

ஏற்றப்பாட்டு இந்த உழைப்பின் கணக்குப் புத்தகம். பிள்ளையாரை வாழ்த்தித் தொடங்கி, இறைத்த சால்களின் எண்ணிக்கையைப் பாட்டின் அடிகளிலேயே வைத்துப் போவார்கள். பாட்டு முடியும்போது எத்தனை சால் என்பது தெரிந்துவிடும். ஏற்றக்காரர் பாதியில் நிறுத்திவிட்டுப் போன ஒரு பாட்டின் அடுத்த அடியைக் கேட்கக் கம்பர் மறுநாள் வரை காத்திருந்தார் என்றொரு செவிவழிக் கதை உண்டு. கதையில் புலவரின் ஆர்வத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். பாட்டு ஏன் பாதியில் நின்றது என்பதையும் கவனிக்கலாம்: அன்றைய உடல் ஆற்றல் அதற்குமேல் இல்லை.

கவலை

கிணறு ஆழமான கொங்குப் பகுதியில் மாடு வந்தது. இங்குக் கவலை என்றும், தெற்கே கமலை என்றும் வழங்கும் இந்த அமைப்பில் கிணற்று மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் ஓடுபாதை இருக்கும். மாடுகள் சரிவில் இறங்கி நடக்க, உருளைமேல் ஓடும் வடம் சாலை மேலே இழுக்கும். சாலின் அடியில் தும்பி எனப்படும் தோல்குழாய் உண்டு. அதன் நுனியை வால்கயிறு ஒன்று மடக்கிப் பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் தும்பி நிமிர்ந்து நீர் தானாகவே தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கி மேடேறும். வெற்றுச் சால் கிணற்றுக்குள் இறங்கும். ஓட்டுபவர் இறக்கத்தில் வடத்தின்மேலேயே உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக்கொள்வார்.

மாடுகள் பாரம் இழுப்பது மேட்டில் அல்ல, இறக்கத்தில். மாட்டின் சொந்த எடையும் இழுவைக்கு உதவுகிறது. ஏற்றத்தில் மனித உடலுக்குச் செய்த அதே தந்திரம்தான் இது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பொறியியல் என்று இதைச் சிலர் வியப்பார்கள். வியப்பதற்கு இதில் ஏதுமில்லை. பல தலைமுறைகள் ஒவ்வொரு நாளும் தோளில் வலித்து அறிந்த அறிவு இது.

கவலைக்கும் ஓர் எல்லை இருந்தது. மாடு சில மணி நேரத்துக்குமேல் இழுக்காது. அதற்குத் தீவனம் வேண்டும். தீவனத்துக்கு நிலம் வேண்டும். சோளத்தட்டுக்காகவே ஒரு பகுதி நிலத்தை ஒதுக்கிய குடியானவர், உண்மையில் தன் நீரிறைப்புக்கான எரிபொருளைத்தான் பயிரிட்டார். மாட்டின் சாணம் எருவாக வயலுக்கும் வறட்டியாக அடுப்புக்கும் போனது. இழப்பாகத் தெரிந்ததும் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தது.

அந்தச் சுற்றில் எல்லாரும் சமமாக இல்லை. விடிவதற்கு முன் மாடு பூட்டி வெயில் ஏறும்வரை கவலை ஓட்டியவர்களில் பலர் பண்ணையாட்கள். சாலையும் தும்பியையும் தைத்துக் கொடுத்தும் கிழிந்தால் ஒட்டுப் போட்டும் வந்தவர்கள் அருந்ததியர். விளைச்சலில் அவர்களுக்குக் கிடைத்தது களத்தில் அளந்து கொடுத்த தானியம். கவலையின் ஓசையைப் பற்றிய ஏக்கம் இன்று நிறைய எழுதப்படுகிறது. அந்த வடத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் முன்னும் பின்னும் போனவர் அதை எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

எண்ணெய் இன்ஜின்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வசதியுள்ளவர்களின் தோட்டங்களில் ஆயில் இன்ஜின் வந்தது. வயலில் அந்தப் பருவம் விழுந்த வெயிலை நம்பியிருந்த கிணறு, முதல்முறையாக எங்கோ மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்த பழைய வெயிலைப் பயன்படுத்தியது. டீசலில் உள்ள வேதி ஆற்றலில் பெரும்பகுதி புகைபோக்கியிலும் குளிர்விக்கும் நீரிலும் வெப்பமாகவே வெளியேறிவிடும். மூன்றில் ஒரு பங்கு இயக்கமாக மாறினால் நல்ல இன்ஜின். ஆனாலும் ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் அளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கே கிடைத்தாலும் அது ஐந்து ஆட்களுக்கு மேற்பட்டோரின் ஒருநாள் உழைப்புக்குச் சமம். மாடு வேலை செய்யாத நாளிலும் தின்னும். இன்ஜின் ஓடும்போது மட்டும் தின்னும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீவனம் என்பதால் அதை நிறுத்துவதிலும் கவனம் இருந்தது.

பைக்காராவின் மின்சாரம்

பெரிய மாற்றம் நீலகிரியிலிருந்து வந்தது. பைக்காரா ஆற்று நீரை மலைச்சரிவில் குழாய்கள் வழியே சுமார் 3000 அடி இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டம் 1932இல் செயலுக்கு வந்தது. அன்றைய சென்னை மாகாண அரசின் முதல் பெரிய நீர்மின் திட்டம் இது. கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகியதற்கு இது காரணம் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. கிணறுகளின் கதையில் அதற்கு இருக்கும் இடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆலைக்குப் போன கம்பி வழியில் தோட்டங்களையும் தொட்டது. 1937இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே உருவாக்கிய மின்மோட்டார் வெளிவந்தது. பிறகு அந்நகரம் மோட்டார், பம்பு உற்பத்தியின் தலைநகராகவே ஆனது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. பைக்காராவில் ஒரு கன மீட்டர் நீர் 3000 அடி, அதாவது 900 மீட்டருக்குச் சற்று மேல் விழுகிறது. டர்பைனிலும் மின்னாக்கியிலும் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு என்று கொள்வோம். கம்பி வழியில் இன்னும் 15 விழுக்காடு. தோட்டத்து மோட்டாரும் பம்பும் சேர்ந்து வாங்கிய மின்சாரத்தில் 40 விழுக்காட்டையே பயனுள்ள வேலையாக மாற்றுகின்றன என்றும் கொள்வோம். இத்தனை இழப்புக்குப் பிறகும், மலையில் விழுந்த அந்த ஒரு கன மீட்டர் நீர் சமவெளியில் 15 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து ஏறத்தாழ 16 கன மீட்டர் நீரை மேலே கொண்டுவரும். விழுந்த நீரும் வீணாகவில்லை. அது மோயாற்றில் போய், பிற்காலத்தில் கட்டப்பட்ட பவானிசாகர் அணையில் சேர்ந்து, வாய்க்கால் வழியே மீண்டும் வயலுக்குத்தான் போகிறது. ஒன்றுக்குப் பதினாறு என்பது எந்த உழவருக்கும் கசக்காத வட்டி.

மோட்டார் தந்த விடுதலையை எண்களால்தான் உணர முடியும். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரின் திறன் 3.7 கிலோவாட், அதாவது ஒரே நேரத்தில் உழைக்கும் ஐம்பது ஆட்கள். முன்பு ஒன்பது ஆள் நாள் கேட்ட ஒரு ஏக்கர், இப்போது சுமார் மூன்று மணி நேரத்தில் நனைந்துவிடும். மாடுகள் விற்கப்பட்டன. சோளத்தட்டு விளைந்த நிலத்தில் பருத்தியும் கரும்பும் மஞ்சளும் வந்தன. தும்பி தைத்தவர்களின் தொழில் ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. அதோடு அந்தத் தொழிலுக்கென்று அவர்களைக் கட்டிவைத்திருந்த கயிறுகளில் ஒன்றும் அறுந்தது, கூலியும் போனது.

1957இல் மாநில மின்வாரியம் உருவானது. அடுத்த ஆண்டுகளில் சிற்றூர்களுக்குக் கம்பி இழுப்பதில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் நின்றது. நீர்மின்சாரம் மட்டும் போதவில்லை. 1962இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கமே நடக்கும். கிணற்றில் நீர் இறைக்க மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தைத் தோண்டி எடுக்க இன்னோர் இடத்தில் நீர் இறைக்க வேண்டும்.

ஒரு பைசாவும் இலவசமும்

மாடு தின்பதற்கு விலைச்சீட்டு இல்லை. டீசலை அவ்வப்போது வாங்கினால் போதும். மின்சாரத்துக்குத்தான் மாதாமாதம் கணக்கு வந்தது. ஆற்றலின் விலை அரசு தீர்மானிக்கும் ஒன்றாக மாறியதும், அது அரசியலாகவும் மாறியது. 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்ட விவசாயிகள் போராடினர். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1972இல் சி. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் போராட்டம் மீண்டும் எழுந்தது. கோவை நகரின் தெருக்களைக் கட்டை வண்டிகள் அடைத்து நின்றன. அந்த ஆண்டும் விவசாயிகள் பலர் சுடப்பட்டு இறந்தனர்; ஜூலை 5 இன்றும் உழவர் நாளாக நினைவுகூரப்படுகிறது. மோட்டாருக்காகப் போராடியவர்கள் ஊருக்குள் வந்தது மாட்டு வண்டியில் என்பதை அன்று யாரும் முரணாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஒரு பைசாவுக்கு இவ்வளவா என்று இன்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பைசா சிறியதுதான். ஆனால் அப்போதே கிணறுகள் ஆழமாகிக்கொண்டிருந்தன. ஆழம் கூடக் கூட அதே நீருக்கு அதிக யூனிட் ஓடியது. கட்டணம் உயராவிட்டாலும் செலவு உயர்ந்துகொண்டே போன காலத்தில் கட்டணமும் உயர்ந்தது என்பதே அவர்களின் கோபத்துக்குள் இருந்த கணக்கு.

1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் அளித்தது. 1989இல் ஆட்சிக்கு வந்த மு. கருணாநிதியின் அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. 2003இல் மீண்டும் கட்டணம் விதிக்க நடந்த முயற்சி, மறு ஆண்டு மக்களவைத் தேர்தல் முடிவுக்குப்பின் கைவிடப்பட்டது. இன்று 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இலவசமாக இயங்குகின்றன.

நிலத்தடி நீர் வற்றியதற்கு இலவசம்தான் காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. கட்டணம் இருந்த காலத்திலேயே நீர்மட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. ஏரிகளும் குளங்களும் தூர்ந்ததும், நீர் அதிகம் கேட்கும் பயிர்கள் வந்ததும் இதில் சேரும். ஆனால் இன்னொரு பாதியை மறுக்க முடியாது. முந்தைய ஒவ்வோர் ஆற்றல் வடிவமும் தன்னுடன் ஒரு நிறுத்தத்தையும் கொண்டுவந்தது. ஆளின் கால் சோர்ந்தது, மாடு நுரை தள்ளியது, டீசல் பீப்பாய் காலியானது. மின்சாரத்துக்குச் சோர்வு கிடையாது. விலையும் போனபின் நிறுத்தச் சொல்ல எதுவும் இல்லை. மும்முனை மின்சாரம் சில மணி நேரமே வரும், அதுவும் நள்ளிரவில் வரும் என்ற நிலையில், மின்சாரம் வந்த நொடியில் மோட்டாரைத் தானே ஓடவைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டிவிட்டு உழவர் தூங்கப் போனார். வயலுக்குத் தேவை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அங்கே ஆள் இல்லை.

ஆயிரம் அடி

கொங்குப் பகுதியின் தரைக்கடியில் இருப்பது கடும்பாறை. மேலே சிதைந்த பாறையடுக்கில்தான் நீர் நன்றாகத் தேங்கும். அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டும் கிடைக்கும். வெட்டுக்கிணறுகள் அந்த மேலடுக்கை நம்பியவை. அது வற்றியதும் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. துளையிடும் ரிக் லாரிகளுக்கு நாடெங்கும் பேர்போன ஊராகத் திருச்செங்கோடு வளர்ந்தது இந்தத் தேவையில்தான். குறைவாக ஊறும் துளைகளில் கம்ப்ரசரால் காற்றை அழுத்தி நீரை மேலே தள்ளும் முறையும் பரவியது. காற்றை அழுத்தும்போது பெரும்பகுதி ஆற்றல் வெப்பமாகப் போய்விடும் என்பதால் பம்பு வகைகளில் இதுவே மிகுந்த விரயமுள்ளது.

முன்பு போட்ட பைக்காராக் கணக்கை இந்த ஆழத்துக்கு மீண்டும் போடலாம். அதே இழப்புகள் என்றே வைத்துக்கொள்வோம். 15 மீட்டரில் 16 கன மீட்டர் இறைத்துக் கொடுத்த அதே மலைநீர், 500 அடித் துளையில் ஒன்றரை கன மீட்டருக்குச் சற்று மேல்தான் இறைக்கும். 1000 அடியில் முக்கால் கன மீட்டருக்குச் சற்று மேல். அதாவது, மலையில் ஒரு குடம் நீரை விழவிட்டு, அதன் ஆற்றலைக் கொண்டு இங்கே ஒரு குடம் நீரைக்கூட மேலே கொண்டுவர முடியாது. மின்சாரம் இலவசமாக இருக்கலாம். துளைக்கு வாங்கிய கடன், நீர்மூழ்கி மோட்டார் எரிந்தால் ஆகும் செலவு, நீர் வராமல் போன துளையில் புதைந்த பணம் எதுவும் இலவசமல்ல. ஒரு பைசாவுக்குப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் அதைவிடப் பெரிய கட்டணத்தை மின்வாரியத்துக்கு வெளியே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது வயல்களில் சூரியத்தகடுகள் மானியத்தில் வருகின்றன. உடுமலை, பல்லடம் பக்கம் தென்மேற்குப் பருவக் காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. நிலக்கரிப் புகை குறைவது நல்லதே. இரவில் மோட்டார் போட எழ வேண்டியதில்லை என்பதும் உழவருக்குச் சிறிய நன்மையல்ல. ஒரு வகையில் கிணறு பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறது: அன்றன்றைய வெயிலே அன்றைய நீரை இறைக்கிறது. ஆனால் கம்பும் கூழும் காலும் இடையில் இல்லை. ஒருமுறை தகடு மாட்டியபின் அடுத்த கன மீட்டருக்குச் செலவே இல்லை. நீர்மட்டத்தைப் பொறுத்தவரை இது இலவச மின்சாரத்திலிருந்து வேறுபட்டதல்ல.

கொங்குத் தோட்டங்களில் பழைய வெட்டுக்கிணறுகள் இன்னும் மூடப்படாமல் இருக்கின்றன. ஆழ்துளையிலிருந்து விரல் பருமனில் வரும் நீரை நாளெல்லாம் அந்தக் கிணற்றுக்குள்ளேயே விழவிட்டுச் சேர்த்துவைக்கிறார்கள். போதிய அளவு சேர்ந்ததும் இன்னொரு மோட்டார் அதை மறுபடி மேலே இறைத்து வயலுக்கு அனுப்புகிறது. ஒரே நீர் இருமுறை ஏறுகிறது. சில கிணறுகளின் விளிம்பில் கவலையின் உருளையைத் தாங்கிய கற்கள் இப்போதும் நிற்கின்றன. வடம் தேய்த்த பள்ளம் அவற்றில் தெரியும்.